ஆறு வண்டி ரேஸில் மூன்றாவதும் நான்காவதும்

நரேன் கார்த்திகேயன் பேச்சை எடுத்தால் நம்ம ஊரில் இரண்டு கட்சிதான். ஒரு கட்சி, "ஃபார்முலா 1-ல் பாயிண்ட் எடுத்த ஒரே இந்தியர், நம்ம கோயம்புத்தூர்க்காரர்" என்று நெஞ்சை நிமிர்த்தும். இன்னொரு கட்சி, "ஆமா, ஆறு வண்டி ஓடின ரேஸ்ல நாலாவது வந்தார்" என்று சிரிக்கும். இருபது வருஷமாக இந்த இரண்டு வாக்கியங்களும் அப்படியே இருக்கின்றன. இரண்டும் உண்மை. ஆனால் இரண்டிலும் ஒரு ஆள் காணாமல் போயிருக்கிறார்: அன்றைக்கு மூன்றாவதாக வந்தவர்.

அவர் பெயர் தியாகோ மொன்டெய்ரோ. போர்ச்சுகல்காரர். 2005-ல் ஜோர்டன் அணியில் நரேனுக்கு ஜோடி. அதே மஞ்சள் வண்டி, அதே டொயோட்டா எஞ்சின், அதே பிரிட்ஜ்ஸ்டோன் டயர். இருவருமே அதற்கு முந்தைய வருஷம் நிஸான் உலகத் தொடரில் ஓட்டியவர்கள். இருவருமே 2005 மார்ச் 6-ஆம் தேதி மெல்பர்னில், ஒரே ரேஸில், ஃபார்முலா 1-க்குள் அறிமுகமானவர்கள். நரேனை அளக்க அன்றைக்கு உலகத்தில் ஒரே ஒரு சரியான அளவுகோல்தான் இருந்தது. அது மொன்டெய்ரோ. அந்த அளவுகோலைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு நாம் நரேனைப் புகழ்ந்துகொண்டும் கிண்டலடித்துக்கொண்டும் இருக்கிறோம். இந்தக் குறிப்பு அதைப் பற்றிய ஒரு புகார். கூடவே, சக ஓட்டுநர் சண்டையைப் பற்றிச் சொல்லப்படும் கதைகள் எல்லாவற்றின் மீதும் எனக்கு இருக்கும் ஒரு சந்தேகம்.

ஏன் சக ஓட்டுநர்?

கிரிக்கெட் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத் தெரியும். கிரிக்கெட்டில் சக ஆட்டக்காரர் ஜெயித்தால் நமக்கும் ஜெயம். ஃபார்முலா 1-ல் ஒவ்வோர் அணிக்கும் இரண்டு வண்டி. இரண்டு பேர் எடுக்கும் பாயிண்டும் அணியின் கணக்கில் சேரும். ஆனால் ஓட்டுநர் பட்டம் தனி ஆளுக்கு. அதனால் ஒரே சம்பளப் பட்டியலில் இருக்கும் இருவர், ஒரே இன்ஜினியர்கள் கூட்டத்தில் உட்கார்ந்து, ஒருவர் டேட்டாவை இன்னொருவர் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை ஒருவரை ஒருவர் தோற்கடிக்க வேண்டும்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஃபெராரிக்காரன் ஜோர்டன்காரனை முந்தினால் அதில் யார் திறமை என்று சொல்ல முடியாது, வண்டியே வேறு. ஒரே வண்டியில் இருப்பவன் முந்தினால் சாக்குப் போக்குக்கு இடம் குறைவு. அதனால்தான் அந்த உலகத்தில் 'முதலில் தோற்கடிக்க வேண்டியது உன் சக ஓட்டுநரை' என்பது எழுதப்படாத விதி. அடுத்த வருஷத்துக்கான சீட் பெரும்பாலும் அந்த ஒப்பீட்டில்தான் கிடைக்கிறது, அல்லது போகிறது.

ஆனாலும் 'ஒரே வண்டி' என்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. 2005-ன் விதிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் குவாலிஃபையிங்கில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடும். எந்த வரிசையில் ஓடும்? முந்தைய ரேஸின் முடிவைத் தலைகீழாக்கி. போன ரேஸில் சீக்கிரம் நின்றுபோனவர் இந்த முறை முதலில் ஓட வேண்டும். முதலில் ஓடுகிறவருக்குத் தூசி படிந்த, ரப்பர் ஏறாத பாதை. ஆக, ஒரு ரேஸில் வண்டி பழுதாகி நின்றால் அந்த அடி அங்கேயே முடிவதில்லை. அடுத்த ரேஸின் தொடக்க இடத்தையும் அது தின்றுவிடும். ஒரே வண்டி, ஒரே பாதைதான். ஆனால் ஒருவர் ஓடும்போது இருந்த பாதை இன்னொருவர் ஓடும்போது இருப்பதில்லை.

19 ரேஸ்கள்

சரி, கணக்குக்கு வருவோம். அந்த சீசனில் 19 ரேஸ். இருவரும் கடைசிவரை ஓடி முடித்தவை 13. அவற்றில் மொன்டெய்ரோ முன்னால் வந்தது 7, நரேன் முன்னால் வந்தது 6. நரேன் பாதியில் நின்றது 5 ரேஸ். மொன்டெய்ரோ நின்றது ஒன்றே ஒன்று, பிரேசிலில். அதுவரை தொடர்ச்சியாக 16 ரேஸ்களை முடித்திருந்தார். ஒரு புதுமுகத்துக்கு அது அப்போது சாதனை. பாயிண்ட்: மொன்டெய்ரோ 7, நரேன் 5. ஓட்டுநர் பட்டியலில் ஒருவர் 16-ஆவது, மற்றவர் 18-ஆவது.

இந்த எண்களை மொத்தமாகப் பார்க்காமல் வரிசையாகப் பாருங்கள், அப்போதுதான் சீசன் தெரியும். மெல்பர்னில் நரேன் 12-ஆவது இடத்திலிருந்து கிளம்பினார். ஜோர்டன் மாதிரி ஒரு வண்டிக்கு அது நல்ல இடம். முடித்தது 15-ஆவது, மொன்டெய்ரோ 16-ஆவது. மலேசியாவில் நரேன் 11, மொன்டெய்ரோ 12. பஹ்ரைனில் நரேன் வண்டி மின்கோளாறில் நின்றது. இமோலாவில் மறுபடியும் நரேன் 12, மொன்டெய்ரோ 13. நான்கு ரேஸ் முடிந்தபோது, இருவரும் முடித்த மூன்றிலும் கோவைக்காரர்தான் முன்னால்.

பிறகு காற்று திசை மாறுகிறது. ஸ்பெயின், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங், இந்தியானாபொலிஸ், பிரான்ஸ்: இருவரும் முடித்த ரேஸ்கள் இவை, எல்லாவற்றிலும் மொன்டெய்ரோ முன்னால். இடையில் மொனாக்கோ, கனடா, பிரிட்டன் மூன்றிலும் நரேன் முடிக்கவில்லை. அப்புறம் ஹாக்கன்ஹைம், ஹங்கேரி, துருக்கி என்று வரிசையாக மூன்றில் நரேன் மேலே வருகிறார். இந்த மூன்று ரேஸ்களைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. 16-ஆவது, 12-ஆவது, 14-ஆவது இடங்கள், யார் பேசுவார்கள்? ஆனால் ஒரு ஓட்டுநர் விழுந்த இடத்திலிருந்து எழுந்தாரா என்று பார்க்க வேண்டுமென்றால், பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

கடைசிப் பகுதி மொன்டெய்ரோவுடையது. பெல்ஜியத்தில் ஸ்பா பாதையில், ஈரமும் காய்வும் மாறிமாறி வந்த ரேஸில், அவர் எட்டாவது வந்து ஒரு பாயிண்ட் எடுத்தார். அன்றைக்கு யாரும் விலகி நின்று வழிவிடவில்லை. சம்பாதித்த பாயிண்ட் அது. நரேன் 11-ஆவது. சீனாவில் நடந்த கடைசி ரேஸில் நரேன் சுவரில் பலமாக மோதினார். ஜோர்டன் என்ற பெயருக்கும் அதுதான் கடைசி ரேஸ்.

என் தீர்ப்பு இதுதான்: வேகத்தில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் மொன்டெய்ரோ தெளிவாக மேல். நரேன் நின்ற ஐந்தில் எல்லாமே அவர் தப்பு இல்லை, எல்லாமே வண்டியின் தப்பும் இல்லை. இதைச் சொல்வதால் நரேனின் மதிப்பு குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. 7-க்கு 6 என்பது ஒரு நல்ல சண்டை. அந்தச் சண்டையை நாம் பார்க்கவே இல்லை என்பதுதான் என் குறை.

ஜூன் 19

இனி அந்த ஆறு வண்டி ரேஸ். 2005-ல் டயர் மாற்றக் கூடாது என்று விதி. குவாலிஃபையிங்கும் முழு ரேஸும் ஒரே செட் டயரில் ஓட வேண்டும். இந்தியானாபொலிஸின் 13-ஆவது வளைவு சாய்வானது. அங்கே வண்டி முழு வேகத்தில் போகும். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் மிஷலின் டயர் அங்கே வெடித்தது. அந்த டயர் முழு ரேஸையும் தாங்கும் என்று மிஷலின் உத்தரவாதம் தரவில்லை. பேச்சுவார்த்தையில் முடிவு வரவில்லை. ஞாயிறன்று ஃபார்மேஷன் சுற்று முடிந்ததும் மிஷலின் போட்ட 14 வண்டிகளும் பிட்டுக்குள் திரும்பிவிட்டன. மிச்சம் பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு: இரண்டு ஃபெராரி, இரண்டு ஜோர்டன், இரண்டு மினார்டி.

யோசித்துப் பாருங்கள், மூன்று அணி, மூன்று ஜோடி. ஃபார்முலா 1 வரலாற்றில் ஒரு ரேஸ் முழுக்க முழுக்க சக ஓட்டுநர் ஒப்பீடாக மாறிய நாள் அது. ஃபெராரியை ஜோர்டன் பிடிக்க முடியாது, ஜோர்டனை மினார்டி பிடிப்பது கஷ்டம். ஒவ்வொருவருக்கும் எதிரி பக்கத்து வண்டி மட்டும்தான். மேலே ஃபெராரியில் ஷூமாக்கர் பிட்டிலிருந்து வெளியே வரும்போது பாரிக்கெல்லோ புல்தரையில் இறங்க வேண்டியதாயிற்று. அந்த ரேஸில் முதலிடத்துக்கு நடந்த ஒரே உரசல் அது. முடிவு: ஷூமாக்கர், பாரிக்கெல்லோ, மொன்டெய்ரோ, நரேன், ஆல்பர்ஸ், ஃப்ரீசாக்கர். இரண்டு இரண்டாக, அணிவாரியாக அடுக்கி வைத்த மாதிரி.

போடியத்தில் ஃபெராரிக்காரர்கள் முகத்தைத் தொங்கப்போட்டு நின்றார்கள். மொன்டெய்ரோ மட்டும் சந்தோஷமாக ஷாம்பெயின் அடித்தார். அதற்காக அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அது கேலியாகப் படவில்லை. முதல் வருஷ ஓட்டுநர், அவர் முன்னால் வர வேண்டியிருந்த ஒரே ஆளை விட முன்னால் வந்திருக்கிறார். அவருடைய ரேஸ் உண்மையான ரேஸ்தான். அதே நியாயத்தில் நரேனின் ரேஸும் உண்மையானது. அவர் அன்று தோற்றது பதினான்கு வண்டிகளிடம் அல்ல, ஜெயித்ததும் பதினான்கு வண்டிகளை அல்ல. மொன்டெய்ரோவிடம் தோற்றார், ஆல்பர்ஸையும் ஃப்ரீசாக்கரையும் ஜெயித்தார். நம் ஊரின் இரண்டு கட்சிகளும் சொல்லத் தவறுவது இந்த ஒரு வரியை.

சென்னா படத்தின் ஒற்றைக் கண்

இப்படித் தவறுவது நமக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. சக ஓட்டுநர் சண்டையைப் பற்றி வந்தவற்றில் மிகப் பிரபலமான படைப்பு, ஆசிஃப் கபாடியா இயக்கி 2010-ல் வந்த 'சென்னா' ஆவணப்படம். பழைய காட்சிகளை மட்டுமே வைத்துக் கட்டிய படம். பேட்டி கொடுப்பவர் யாரும் திரையில் வந்து உட்காரமாட்டார்கள். சினிமாவாக அது அபாரம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சென்னாவின் வண்டிக்குள்ளிருந்து எடுத்த காட்சிகளில் நாமே ஓட்டுவது போல இருக்கும்.

சிக்கலும் அங்கேயேதான். கேமரா யார் தோளில் உட்கார்ந்திருக்கிறதோ அவர்தான் நாயகன். எதிரே வருகிற ஆலன் புரோஸ்ட், கணக்குப் போடுகிற, அதிகாரிகளோடு நெருக்கமான ஆளாகத் தெரிகிறார். எம்.ஜி.ஆர். படத்தில் நம்பியார் வந்து நின்ற மாதிரி. படம் முடிந்து வெளியே வரும் எவரும் புரோஸ்டை விரும்ப மாட்டார்கள்.

கணக்கை மட்டும் பாருங்கள். 1988-ல் மெக்லாரன் அணி 16 ரேஸில் 15-ஐ ஜெயித்தது. சென்னா 8, புரோஸ்ட் 7. புரோஸ்ட் மேலும் ஏழு முறை இரண்டாவதாக வந்தார். மொத்தம் கூட்டினால் புரோஸ்ட் 105 பாயிண்ட், சென்னா 94. ஆனால் அன்றைய விதிப்படி சிறந்த 11 முடிவுகள்தான் கணக்கில் சேரும். அப்படிக் கழித்தால் சென்னா 90, புரோஸ்ட் 87. பட்டம் சென்னாவுக்கு. விதி எல்லோருக்கும் முன்பே தெரிந்தது, ஆகவே சென்னாவின் பட்டத்தில் குறையே இல்லை. ஆனால் வருஷம் முழுக்க ஒரே வண்டியில் 11 பாயிண்ட் அதிகம் எடுத்துவிட்டுத் தோற்ற ஒருவர் அடுத்த வருஷத்துக்குள் என்ன மனநிலையில் நுழைந்திருப்பார்? 1989-ல் சுசூகாவில் இருவரும் மோதிக்கொண்டதைப் புரிந்துகொள்ள அந்த 105 அவசியம். படம் அதில் நின்று யோசிக்க நேரம் ஒதுக்கவில்லை. வில்லனுக்கு நியாயமான வருத்தம் இருந்தால் கதை தளர்ந்துபோகும் இல்லையா?

படத்தின் முடிவில், சென்னாவின் பெயரிலான அறக்கட்டளையில் புரோஸ்ட் பொறுப்பில் இருக்கிறார் என்று ஓர் எழுத்துக் குறிப்பு வரும். என்னைப் பொறுத்தவரை சொல்ல வேண்டிய கதை அந்த ஒரு குறிப்பில்தான் தொடங்குகிறது. சென்னாவின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் புரோஸ்டும் ஒருவர். அவ்வளவு வெறுத்த இருவருக்குள் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. இரண்டு மணி நேரம் வில்லனாக்கியபின் ஒரு வரியில் அதைச் சரிக்கட்ட முடியாது.

அடியும் முடியும்

திருவண்ணாமலையில் உட்கார்ந்து இதை எழுதும்போது ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்த ஊரின் தலபுராணமே இரண்டு பேருக்குள் 'யார் பெரியவர்' என்ற போட்டிதான். பிரம்மாவும் விஷ்ணுவும் சண்டை போட, நடுவில் ஒரு நெருப்புத் தூண். ஒருவர் அன்னமாக முடியைத் தேடி மேலே, ஒருவர் பன்றியாக அடியைத் தேடிக் கீழே. விஷ்ணு முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார். பிரம்மா தாழம்பூவைப் பொய்ச்சாட்சி சொல்ல வைத்து, பார்த்துவிட்டேன் என்றார். அதனால் பிரம்மாவுக்குக் கோயில் இல்லை, தாழம்பூவுக்குச் சிவபூஜையில் இடமில்லை. சிவன் கோயில் கருவறைக்குப் பின்சுவரில் லிங்கோத்பவரைப் பார்த்திருப்பீர்கள்; மேலே அன்னம், கீழே பன்றி.

பக்தியை ஒரு நிமிஷம் ஓரமாக வைத்துவிட்டு, இதைப் போட்டிக் கதையாக மட்டும் படியுங்கள். இரண்டு விஷயம் கண்ணில் படும். முதலாவது, இருவருக்கும் கொடுத்த வேலை ஒன்றல்ல. ஒருவர் மேலே, ஒருவர் கீழே. தூண் ஒன்றுதான், பாதை வேறு. சக ஓட்டுநர் ஒப்பீடும் இப்படித்தான். வண்டி ஒன்றுதான், யாருடைய பிட் ஸ்டாப் முதலில், யார் தூசிப் பாதையில் ஓடினார் என்பது வேறு. இரண்டாவது, இந்தக் கதையைச் சொல்வது தூண். போட்டியிட்ட இருவரில் யாரும் சொல்லவில்லை. சைவ மரபு தன் பெருமைக்காகச் சொன்ன கதை இது. அதில் பிரம்மாவுக்குக் கிடைத்தது பொய்யன் வேஷம். பிரம்மா தரப்பைக் கேட்க யாரும் இல்லை.

ஃபார்முலா 1-ல் தூண் எது? அணி. 2025-ல் இத்தாலியின் மான்ஸாவில் நோரிஸுக்கு மெக்லாரன் பிட் ஸ்டாப் தாமதமானது. பியாஸ்ட்ரி முன்னால் போய்விட்டார். இடத்தைத் திருப்பிக் கொடு என்று ரேடியோவில் சொன்னார்கள், கொடுத்தார். அது நியாயமா இல்லையா என்று ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். இருவரில் யார் யோக்கியன் என்பதுதான் சண்டை. தாமதம் செய்ததும், தீர்ப்புச் சொன்னதும் ஒரே ஆள்தான் என்பதைக் கவனித்தவர்கள் குறைவு.

அதே ஃபாக்டரி

நரேன் ஓட்டிய ஜோர்டன் பிறகு மிட்லேண்ட் ஆயிற்று, ஸ்பைக்கர் ஆயிற்று, 2008-ல் விஜய் மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியா ஆயிற்று. இன்றைக்கு ஆஸ்டன் மார்ட்டின். சில்வர்ஸ்டோனில் இருந்த அதே அணி. பெயரில் இந்தியாவைச் சுமந்த பத்து சீசனுக்கும் மேலான காலத்தில் ஓர் இந்தியர்கூட அதில் ரேஸ் ஓட்டவில்லை. ஆனால் சக ஓட்டுநர் சண்டைக்கு மட்டும் குறைவில்லை. 2017-ல் பெரேஸும் ஓகானும் பாக்குவில் மோதிக்கொண்டார்கள். நிறைய முன்னணி வண்டிகள் சிக்கலில் மாட்டிய, போடியம் கைக்கு எட்டிய ரேஸ் அது. ஸ்பாவில் ஒரே ரேஸில் இரண்டு தடவை மோதினார்கள். அதற்குப்பின் அணி கடிவாளம் போட்டது. வருஷ முடிவில் பெரேஸ் 100, ஓகான் 87, அணி நான்காவது.

அந்தச் சண்டை உலகத்துக்கே தெரியும். பன்னிரண்டு வருஷம் முன்னால் அதே அணியில், கடைசி வரிசையில் நடந்த நரேன்–மொன்டெய்ரோ சண்டை யாருக்கும் தெரியாது. மோதல் இல்லை, திட்டு இல்லை, வில்லன் இல்லை. ஆனால் பணயம் பெரியது. 2006-க்கு மிட்லேண்ட் மொன்டெய்ரோவை வைத்துக்கொண்டது. நரேன் வில்லியம்ஸில் டெஸ்ட் ஓட்டுநராகப் போனார். மறுபடி ஃபார்முலா 1 ரேஸில் கிளம்ப அவருக்கு 2011 வரை ஆனது, அதுவும் எச்.ஆர்.டி. என்ற கடைசி வரிசை அணியில். அங்கும் பாதி சீசனில் அவர் சீட் டேனியல் ரிக்கார்டோவுக்குப் போனது. அக்டோபர் 30-ஆம் தேதி நொய்டா பக்கம் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரீக்கு மட்டும் நரேனைத் திரும்ப அழைத்தார்கள். முடிவு: நரேன் 17, அதே அணியின் ரிக்கார்டோ 18. பிற்காலத்தில் எட்டு ரேஸ் ஜெயித்த ரிக்கார்டோவை, சொந்த மண்ணில், அதே வண்டியில், தனக்கு 34 வயதில் முந்தியிருக்கிறார். ஒரு ரேஸை வைத்துப் பெரிதாக எதையும் நிறுவ முடியாது, தெரியும். ஆனால் நரேனைப் பற்றிப் பெருமையாக ஒரு வரி சொல்லச் சொன்னால் நான் இந்தியானாபொலிஸைச் சொல்லமாட்டேன், இதைச் சொல்வேன்.

சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 2024-ல் ஃபார்முலா 4 ஓடியது. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி பாதையிலும் பிள்ளைகள் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். இவர்களில் ஒருவர் நாளைக்கு மேலே போனால் நாம் மறுபடி 'முதல் தமிழர்', 'ஒரே இந்தியர்' என்று எழுதுவோம், அல்லது கடைசியில் வந்தார் என்று சிரிப்போம். அப்போது தயவுசெய்து ஒரு வேலை செய்யுங்கள். ரிசல்ட் பட்டியலில் அவர் பெயரைக் கண்டுபிடித்ததும், அதே அணியின் இன்னொரு பெயர் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். மேலேயா, கீழேயா, எத்தனை ரேஸில், ஏன் என்று பாருங்கள். பாராட்டோ திட்டோ, அதற்கப்புறம் வரட்டும்.